அதிரசத்தின் பிள்ளைப்பேறு

முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் என் கணவர் ஓடி நான் பார்த்தது இரண்டே முறை. முதல் முறை மாடு துரத்தியது. இரண்டாம் முறை அவரை யாரும் துரத்தவில்லை. தலைத்துண்டை உருவி உயரே சுழற்றிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் சம்பா அறுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நோக்கி வரப்பில் ஓடினார்.

"நிறுத்துப்பா! வண்டிய நிறுத்து!"

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டியோடு வந்திருந்த டிரைவர், சக்கரத்தில் யாரோ சிக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருங்கய்யா? என்னாச்சு?"

"வீட்ல எலி பெத்துருக்கு. பச்ச ஒடம்பு. இந்தச் சத்தம் ஆகாது."

டிரைவர் என் கணவரைப் பார்த்தார். பிறகு கிழக்கே கறுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார். பிறகு அறுக்காமல் நின்ற கதிரைப் பார்த்தார்.

"மழ வருதுங்கய்யா."

"தெரியுது."

இதைச் சொன்னவர், நாற்பது வருடமாக ஒவ்வொரு போகமும் வயல் முழுக்க எலிக்குக் கிட்டி வைக்கச் சொல்லும் மனிதர். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்து எங்கள் ஊரில் செய்கிற எலிப்பொறி. இரையைத் தொட்டால் நாண் தெறித்துக் கழுத்தை நெரிக்கும். காலையில் எத்தனை விழுந்தது என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார். அவர் ஓர் எலிக்காக அறுவடையை நிறுத்தினார் என்றால், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

தேதி இல்லாத தை

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். ஆற்றுப் பாசன அலுவலகத்தில் காலையும் மாலையும் நீர்மட்டம் எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். எந்த நிகழ்ச்சியையும் நாள், கிழமை, நேரத்தோடுதான் சொல்வேன். இந்த வாரம் முடியாது. தை மாதம், பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை காய்ந்துகொண்டிருந்த நாட்கள் என்பதற்குமேல் என்னிடம் ஆதாரம் இல்லை.

காரணம் இதே எலிதான். அது கூடு கட்ட மெல்லிய தாள் வேண்டும் என்றார்கள். என் கணவர் என் மேசையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, வருடத்தின் முதல் இரண்டு மாதங்களையும் பட்டை பட்டையாகக் கிழித்துப் போட்டுவிட்டார்.

"இந்த வருஷத்தையா கிழிச்சீங்க?"

"தேதி போட்டிருந்துச்சு. பழசுன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கங்களின்மேல் அது சுருண்டு படுத்திருந்த அழகைப் பார்த்தபோது, என் எழுத்து இவ்வளவு கதகதப்பாக வேறெங்கும் பயன்பட்டதில்லை என்று தோன்றியது.

விருந்தாளி வந்த கதை

எலி என்று எளிமைக்காகச் சொல்கிறேன். அது ஹாம்ஸ்டர். தமிழில் சிலர் வெள்ளெலி என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து வயல்காரர்கள் வெள்ளெலி என்றால் வேறொன்றைக் காட்டுவார்கள். ஆகவே ஹாம்ஸ்டர் என்றே இருக்கட்டும்.

என் தம்பி மகள் யாழினி பெங்களூரில் தனியாக வீடெடுத்து வேலை பார்ப்பவள். ஆறு மாத வேலையாக ஜெர்மனிக்குப் போகும்போது, கூண்டோடு கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தாள். கையகலம் இருக்கும். வாலே இல்லை என்று சொல்லிவிடலாம். எண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டெடுத்த நிறம். பெயர் அதிரசம். பெண்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. இது தனியாத்தான் இருக்கணும். கூட இன்னொண்ண விட்டா ஆகாது."

"எழுதிக்கிட்டேன்டி."

எழுதியும் கொண்டேன், அடிக்கோடிட்டு.

வந்த முதல் வாரமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பகலெல்லாம் தூங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து, முகம் கழுவி, கண்ணுக்கு முன்னால் இருப்பதையே மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். பார்வை அவ்வளவு மட்டம். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். சக்கரத்தில் ஏறினால் கும்பகோணத்துக்குப் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஓடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் அதன் கன்னம். இரண்டு கன்னத்துக்கும் உள்ளே தோள்வரைக்கும் நீளும் பை. ஒரு தட்டில் வேர்க்கடலைப் பருப்பு வைத்து எண்ணினேன். பதினேழு உள்ளே போயிற்று. தலை, உடம்பு என்ற பேதமே போய், உருண்டையாக நடந்து கூட்டுக்குப் போய், முன்காலால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வெளியே தள்ளியது. மறுநாள் நெல்லைக் கொடுத்து எண்ணினேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வயல்ல திருடுறது போதாதுன்னு வீட்ல வச்சுப் பழக்குறியா?" என்றார். நான்காம் நாள் அவரே சட்டைப் பையில் கடலையோடு வந்தார்.

ஒரு கோதுமை வயல்

இங்கே ஒரு கிளைக்கதை. ஒரு விருந்தாளி வந்தால் அவருடைய பூர்வீகத்தை விசாரிப்பது நம் வழக்கமல்லவா? நானும் தேடிப் படித்தேன்.

இந்தப் பொன்னிற ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியா நாட்டு அலெப்போ பக்கம். அந்த ஊர்ப் பேச்சில் அதற்குச் 'சேணப்பைக்காரர்' என்று பொருள்படும் பெயர் உண்டாம். முதுகின் இருபுறமும் பை தொங்கும் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பு, ஆராய்ச்சிக்காக ஒருவர் அங்கே ஒரு கோதுமை வயலில் வளை வெட்டச் செய்தார். ஆளுயரத்துக்கும் மேல் தோண்டியபின், ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் கிடைத்தன. இன்று உலகமெங்கும் கூண்டுகளில் ஓடுகிற இந்த ஜாதி ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகளாம்.

எங்களுக்குக் கிட்டி வைக்கும் முருகையனிடம் இதைச் சொன்னேன். அறுப்பு முடிந்ததும் எலிவளை வெட்டி, உள்ளே எலி சேர்த்து வைத்த கதிரை எடுப்பதும் அவர்தான்.

"அந்த ஊர்லயும் வளைதான் வெட்டுறாங்களா ஆபீசரம்மா? ஆளுயரமா? நம்ம எலி அவ்வளவு மெனக்கெடாது" என்று சிரித்தார்.

அவரிடம் சொல்லாத ஒரு பகுதியும் அந்தக் கதையில் இருக்கிறது. பெட்டியில் போட்டதும் மிரண்டுபோன அந்தத் தாய், முதலில் அருகே வந்த தன் குட்டியையே கடித்துக் கொன்றுவிட்டது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை

என் கணவரின் அக்கா பாக்கியம். வலங்கைமானில் வீடு. ஒரு விளக்கு தனியாக எரிந்தால்கூடப் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றி வைக்கிற சுபாவம். அந்தச் சுற்றுவட்டத்தில் அவர் ஜாதகம் பார்த்துச் சேர்த்துவைத்த தம்பதிகள் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொள்ளமாட்டார்கள். அவர் பாச்சா பலிக்காத ஒரே ஆள் யாழினி.

மார்கழிக் கடைசியில் நான் இரண்டு நாள் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். அங்கே பழைய கல்லறைகளில் இருக்கும் தேதிகளை எழுதிவருவது என் பொழுதுபோக்கு. திரும்பி வந்தபோது சாயங்காலம். கூண்டின் கூரைமேல் மஞ்சள் அரிசி இறைந்து கிடந்தது.

"வா கௌரி. நல்ல நேரத்துக்கு வந்தே" என்றார் பாக்கியம் அண்ணி.

கூண்டுக்குள் இரண்டு.

"அண்ணி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒண்டியா கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு. தஞ்சாவூர்ல மீன் விக்கிற கடையில மூணு இருந்துச்சு. மூக்கும் முழியுமா இருந்தத எடுத்தாந்தேன்."

மூக்கும் முழியுமாக இருந்த மாப்பிள்ளை கூண்டின் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றார். காது கிழிந்திருந்தது. மணப்பெண் அட்சதையைக் கன்னத்தில் அடக்கியபடி அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"காதக் கடிச்சிருக்கே அண்ணி!"

"மொதல்ல அப்படித்தான் அடிச்சுக்கும். பொறவு சரியாப் போயிரும். நீயும் தம்பியும் மட்டும் என்னவாம்?"

அந்த நிமிடமே பிரித்தேன். மாப்பிள்ளையை அண்ணியே வலங்கைமானுக்கு எடுத்துப் போனார். யாழினியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வாரம் இருமுறை வீடியோவில் வருவாள். "அதிரசம் எப்படி அத்தை?" என்பாள். "ஜோரா இருக்கு" என்பேன். அரை நாள்தானே ஒன்றாக இருந்தன, எதற்குச் சொல்லி அந்தப் பெண்ணைக் கலவரப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஹாம்ஸ்டருக்குக் கர்ப்பகாலம் பதினாறு நாள். அரை நாள் தாராளம்.

ஒன்பது

பதினாறாம் நாள் விடிகாலை, கிழிந்த என் நாட்குறிப்புக்கு நடுவே சிவப்பாக ஏதோ நெளிந்தது. கண் திறக்காத, மயிர் இல்லாத, அவரைக்கொட்டை அளவுக் குட்டிகள். இடுக்கு வழியாக எண்ணினேன். ஒன்பது.

சந்தோஷத்தில் சத்தம் போடாமல் குதிப்பது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். உடனே பயமும் வந்தது. இரண்டு வாரம் தொடக்கூடாது, கூட்டைக் கலைக்கக்கூடாது, சத்தம் கூடாது. மிரண்டால் தாய் என்ன செய்யும் என்பதை நான் படித்திருக்கிறேன். எனக்கு அப்போது வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். ஒன்பதும் கண் திறக்க வேண்டும். அதன்பிறகு யாழினியிடம் காட்டி, நடந்ததைச் சொல்லி, காலில் விழுவதென்றாலும் விழுந்துவிடலாம். அதுவரை இந்த அறைக்குள் ஈ நுழையக்கூடாது.

என் கணவர் ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார். குக்கர் விசில் வரும் என்று மூன்று நாள் பானையில் சோறு வடிக்கச் சொன்னார். அவ்வளவு செய்தவர், வாயை மட்டும் கட்ட மறந்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லலியே?"

"அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

புள்ள பாக்க வந்தவர்கள்

பிறந்த நான்காம் நாள். மதியத்துக்குமேல் வந்ததும் தூரத்து வயலுக்குத் திருப்பிவிடலாம் என்று நாங்கள் நினைத்திருந்த அறுவடை இயந்திரம் காலையிலேயே வந்துவிட்டது. வீட்டை ஒட்டிய வயலில் அது இறங்கிய நேரமும், பாக்கியம் அண்ணி ஆறு பெண்களோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய நேரமும் ஒன்று. கையில் தாம்பாளம். அதில் சர்க்கரை, பழம், பச்சைக் குழந்தைக்குக் கட்டுகிற வசம்பு வளையல்.

"வளையல் எதுக்கு அண்ணி? அது கை கடுகளவு!"

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? சம்பந்தி வீட்டு ஆளு நாங்க!"

நான் குறுக்கே நிற்பதற்குள் ஏழு பேரும் கூண்டைச் சூழ்ந்துவிட்டார்கள். பின்னால் இயந்திரம் சுவர் அதிர உறுமியது.

அதிரசம் கூட்டிலிருந்து வெளியே பாய்ந்தது. சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு திரும்பிப் போய், ஒரு குட்டியைக் கவ்வியது. குட்டி வாய்க்குள் போனது. காணவில்லை. அடுத்தது. அதுவும் காணவில்லை.

"அடியாத்தே! பெத்த புள்ளையத் திங்குதே!"

அண்ணியின் கூச்சலில் மூன்று, நான்கு, ஐந்து. அலெப்போவின் அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது. கூடு காலியாகும்வரை அதிரசம் விடவில்லை. தாம்பாளம் தரையில் கிடந்தது. அண்ணி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று வாயில் சேலையை அடைத்துக்கொண்டார். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு யாழினி கூப்பிடுவாள். அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது சாக்கை விலக்கி, ஜன்னல் வழியாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அறுப்புக்கு முன்னால் வயலிலிருந்து கிட்டிகளைப் பிடுங்கிப்போக வந்த முருகையன்.

"என்ன சத்தம் ஆபீசரம்மா?"

"எல்லாத்தையும் தின்னுடுச்சு முருகையா."

அவர் கூண்டை உற்றுப் பார்த்தார். எலியைப் பார்ப்பதில் அவருக்கு இணை எங்கள் பக்கத்தில் கிடையாது.

"தின்னா கடிக்கணும். கடிச்சா ரத்தம் இருக்கணும். ஒரு சொட்டு இல்லியே. வாய அசைக்கக்கூட இல்ல பாருங்க. தோளுகிட்டப் பாருங்க, மூட்ட கட்டுனாப்ல இருக்கு."

பார்த்தேன். தலை, உடம்பு என்ற பேதமில்லாத உருண்டை.

பதினேழு கடலையை எண்ணியவள் நான். நெல்லை எண்ணியவள் நான். அந்தப் பையில் பிள்ளையையும் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை!

"உள்ள உசுரோட இருக்கா?" என்றார் என் கணவர்.

"இருக்கும். ஆனா ரொம்ப நேரம் தாங்காது. எறக்கி வைக்க எடம் தேடி அலையுது பாருங்கய்யா. இந்த வண்டிச் சத்தம் நின்னாத்தான் எறக்கும்."

அதன்பிறகுதான் என் கணவர் ஓடினார்.

அமைதி

இன்ஜின் நின்றதும், ஊரே காதில் பஞ்சு வைத்த மாதிரி ஆயிற்று. வலங்கைமான் பெண்கள் அறுவரும் சமையலறைத் தரையில் வரிசையாக, பேசாமல், உட்கார்ந்தார்கள். அவர்கள் வாழ்நாளிலேயே இது புது அனுபவம் என்று முகத்தில் தெரிந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் வந்து ஜன்னலில் முருகையனுக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணியின் கைபேசி நாதஸ்வரத்தில் அலறத் தொடங்கியது. அண்ணி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நாதஸ்வரம் அடியில் மெலிதாக வாசித்து ஓய்ந்தது.

அதிரசம் நடையைக் குறைத்தது. மோந்தது. காதை நிமிர்த்தியது. கூட்டுக்குள் போய், முன்காலைக் கன்னத்தில் வைத்து அழுத்தியது.

ஒன்று.

சிவப்பாக, ஈரமாக வந்து விழுந்தது. நெளிந்தது.

என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு. மூன்று. நாலாவது நெளியவில்லை. தாய் அதை நக்கியது. புரட்டி இன்னொரு முறை நக்கியது. கால் உதறியது! பாக்கியம் அண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். ஏழு. எட்டு. ஒன்பது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போது அதிரசம் இன்னொரு முறை கன்னத்தை அழுத்தியது. பத்து.

அண்ணி மடக்கிய பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, சத்தம் வராமல் வாயசைத்தார். "ஒம்பதுன்னே?"

நீர்மட்டத்தில் ஓர் அங்குலம் பிசகாதவள் என்று பெயரெடுத்தவள், ஒரு பிள்ளையை விட்டுவிட்டேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். என்னைப் பார்த்து அண்ணி, அண்ணியைப் பார்த்து அறுவரும், எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தோம். டிரைவர் சிரிப்பை அடக்கமுடியாமல் ஓடிப்போய்ப் போர்செட்டுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

ஆறு மணி

யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் உங்ககிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதானே அத்தை. இத்தன நாளும் ஜோரா இருக்குன்னீங்களே."

"தப்புதான்டி."

பாக்கியம் அண்ணி கைபேசியைப் பிடுங்கினார். "அவளத் திட்டாதே. நான்தான். ஒண்டியா கெடக்குதேன்னு மனசு கேக்கல."

"ஒண்டியா இருக்கறது சீக்கு இல்லீங்க. அது சுபாவம்."

"ஒன்னையச் சொல்றியா, அதச் சொல்றியா?"

"ரெண்டு பேரையும்தான்."

அண்ணி கைபேசியை என்னிடமே திருப்பி நீட்டினார். அதற்குள் யாழினியே, "பத்தா? நெஜமாவே பத்தா? காட்டுங்க, காட்டுங்க" என்று கத்தத் தொடங்கிவிட்டாள். கத்தாதே என்று மூன்று பேர் அதட்டினோம். தூரத்திலிருந்து காட்டினேன். அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு ஒழுங்காக உத்தரவு போட்டாள். அஞ்சாவது வாரத்துக்குள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூண்டில் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று குதறிவிடும்.

"பத்துக்கும் தனிக்குடித்தனமா!" என்றார் அண்ணி, நெஞ்சில் கை வைத்து.

வீட்டை ஒட்டிய வயல்

இயந்திரத்தை என் கணவர் தூரத்து வயல்களுக்கு அனுப்பிவிட்டார். வீட்டை ஒட்டிய வயலில் பாதி அப்படியே நின்றது. அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டு, நின்ற கதிரைப் படுக்கவைத்தது. இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அது இருந்திருந்தாலும் அவர் விட்டிருக்கமாட்டார்.

மூன்றாம் நாள் வெயில் வந்தபின், பதினைந்து பெண்கள் அரிவாளோடு வந்தார்கள். இப்போதெல்லாம் கையறுப்புக்கு ஆள் கிடைப்பதே அபூர்வம். எதற்காக என்று கேள்விப்பட்டுத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

"ஏண்டி, பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கம் வாய மூடிக்கிட்டு அறு" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "டாக்டரு நிக்கிறாரு பாரு" என்று என் கணவரைக் காட்டினாள். அவர் நிஜமாகவே ஜன்னலோரம் நின்று, உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்.

அறுப்பு வயலில் நம் பெண்கள் பேசுவது நாலு வயலுக்குக் கேட்கும். ஊரில் யார் வீட்டில் என்ன என்பதில் பாதியை என் வீட்டுப் பின்கட்டில் நின்றே நான் தெரிந்துகொண்டிருக்கிறேன். அன்று பதினைந்து பேரும் குனிந்தபடி, தலையோடு தலை ஒட்டி, கிசுகிசுவென்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். அவ்வளவு சுவாரசியமாக அவர்கள் எதையும் பேசி நான் கண்டதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

ஒரு வார்த்தை விழவில்லை.